கரண்ட் மீட்டரில் தொடங்குங்கள்: பாடசாலையில் மின்சாரம் சேமிக்கப் பிள்ளைகளைப் பழக்கும் வழி

முதல்முறை இந்த வேலையில் இறங்கியபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சுவரொட்டிப் போட்டி வைத்தேன். முதற்பரிசு பெற்றதை எட்டாம் தர வகுப்பில், சுவிச் பலகைக்கு மேலேயே ஒட்டினோம். பூமிக்குக் கண், மூக்கு, கண்ணீர் எல்லாம் வைத்து அழகாகத்தான் வரைந்திருந்தாள் பிள்ளை. இரண்டு நாள் கழித்து இடைவேளை நேரம் அந்தப் பக்கம் போனேன். வகுப்பில் ஈ காக்கை இல்லை. நாலு டியூப் லைட்டும் எரிகிறது, இரண்டு ஃபேனும் சுற்றுகிறது, பூமி அழுதுகொண்டிருக்கிறது. போதாக்குறைக்குச் சுவரொட்டியின் கீழ்ப்பக்கம் இரண்டு சுவிச்சை மறைத்துக்கொண்டு தொங்கியது.

கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையை மனதில் வைத்தே எழுதுகிறேன். காலை 7.30க்கு மணி, 1.30க்கு விடுகை, பின்னேரம் டியூஷன், கடற்காற்று அடித்தாலும் வியர்வை அடங்காத வகுப்பறை.

படி 1: அதிபரிடம் பில் கேளுங்கள்

பிள்ளைகளைக் கூட்டுவதற்கு முன் ஒரு வருடத்துக் கரண்ட் பில்களை வாங்கி வையுங்கள். எல்லாம் கிடைக்காவிட்டால் ஆறு மாதத்துக்காவது கேளுங்கள். அதிபர் மறுக்கமாட்டார். பில் பெருத்துப் போச்சு என்று கவலைப்படுகிற முதல் ஆள் அவர்தான். ஆனால் "மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப் போகிறோம், சேர்" என்று போனால் அடுத்த வாரம் வரச் சொல்வார். "போன வருட ஜூன் மாதத்து யுனிட்டையும் இந்த வருட ஜூன் மாதத்து யுனிட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று போங்கள். கையோடு கோப்பு வரும்.

பில்லில் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, யுனிட்டை. 1000 வாட் (ஒரு கிலோவாட்) கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யுனிட். கட்டணம் கூடும், குறையும். இரண்டு மாதத்து ரூபாயை ஒப்பிட்டால் பிள்ளைகள் சேமித்தார்களா விலை மாறியதா என்று பிரித்தறிய முடியாது. பெரிய பாடசாலை என்றால் பில்லில் கேவீஏ என்று இன்னொரு வரியும் இருக்கும். ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்கான கட்டணம் அது. கணினிக் கூடத்து ஏசி, நீர்ப்பம்பு, மண்டபத்து ஏசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டாலே அந்த வரி குறையும். இது பிள்ளைகளின் வேலையல்ல, அலுவலகத்தின் வேலை. ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பெரியவர்களிடம் போய் இதைக் கேட்க அவர்களுக்கு நல்ல விருப்பம்.

படி 2: பன்னிரண்டு பேர் போதும்

முழுப் பாடசாலையையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படாதீர்கள். தரம் 7, 8, 9இலிருந்து பன்னிரண்டு பேரை எடுங்கள். சாதாரண தரப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. மாணவத் தலைவர்களை மட்டும் வைத்துச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு சட்டமாகத்தான் படும். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத இரண்டு பேராவது குழுவில் இருக்கட்டும். ஓடித் திரிகிற கால்தான் இந்த வேலைக்கு வேண்டியது.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் உங்கள் பாடசாலையில் ஏற்கெனவே இருந்தால், அந்தக் குழுவோடு இதைச் சேர்த்துவிடுங்கள். அதில் பதக்கங்கள் இருப்பதால் பெற்றோரும் "படிப்பை விட்டுட்டு என்ன கரண்ட் வேலை" என்று கேட்கமாட்டார்கள்.

ஒரு கண்டிப்பு: பிள்ளைகள் மீட்டரைப் பார்க்கலாம், பிரதான மின்பலகையைத் தொடக்கூடாது. கழன்று கிடக்கும் சுவிச், வெளியே தெரியும் வயர், தண்ணீர் ஒழுகும் சுவரில் உள்ள பிளக் எதையாவது கண்டால் எழுதிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். இதை முதல் நாளே சொல்லி, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதவும் வையுங்கள்.

படி 3: மீட்டர் வாசிக்கப் பழக்குங்கள்

எல்லாவற்றுக்கும் அத்திவாரம் இந்தப் படிதான். அவசரப்படாமல் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய மீட்டர்களில் சின்னச் சிவப்பு வெளிச்சம் ஒன்று விட்டு விட்டுச் சிமிட்டும். பக்கத்திலேயே 1600 அல்லது 1000 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யுனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். முதலில் அவரவர் வீட்டில் செய்து பார்க்கட்டும். ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்க, மற்றவர் எண்ணுவார். 30 விநாடியில் 20 சிமிட்டல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2400. அதை 1600ஆல் வகுத்தால் 1.5. அதாவது அந்த நேரத்தில் வீடு இழுப்பது 1.5 கிலோவாட். இப்போது அம்மாவிடம் கேட்டு அயன் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம் திடீரென்று சோம்பேறியாகிவிடும். மறுநாள் வகுப்புக்கு வந்து அந்தப் பிள்ளை சொல்லும் கதையை நீங்கள் நிறுத்த முடியாது. பழைய மீட்டர் உள்ள வீடுகளில் வெளிச்சத்துக்குப் பதில் ஒரு தட்டு சுழலும். கறுப்புக் கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் போதும், கணக்கு அதேதான்.

பாடசாலை மீட்டரில் ஒரு சிக்கல் வரலாம். பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்கியால் பெருக்க வேண்டியிருக்கும். நான் இது தெரியாமல் முதல் மாதம் முழுக்கப் பிழையான கணக்கைக் காலைக் கூட்டத்தில் வாசித்தேன். பில் வந்த பிறகுதான் விளங்கியது. பில்லில் உள்ள யுனிட்டையும் மீட்டரில் நகர்ந்த எண்ணையும் ஒப்பிட்டால் பெருக்கி எத்தனை என்று தெரிந்துவிடும்.

இத்தோடு யுனிட் என்றால் என்ன என்று கையில் பிடித்துக் காட்டுங்கள். நொரோச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள் நிலக்கரியில் ஓடுகின்றன. அங்கே ஒரு யுனிட் எடுக்க ஏறக்குறைய 400 கிராம் நிலக்கரி எரியும். ஓர் இறாத்தல் பாணை வகுப்புக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். 450 கிராம். "இதைவிடக் கொஞ்சம் குறைவான கரி, ஒரு யுனிட்டுக்கு." பாண் கடைசி வாங்குக்குப் போய்ச் சேரும்போது பாதிதான் இருந்தது. பரவாயில்லை.

படி 4: வெள்ளி 2 மணி, திங்கள் 7 மணி

ஒரே ஒரு அளவுதான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஒரு வாசிப்பு, திங்கட்கிழமை காலை 7 மணிக்கு இன்னொன்று. இடையில் 65 மணி நேரம். பாடசாலையில் யாரும் இல்லை. அப்படியென்றால் மீட்டர் ஏன் ஓடியது?

உதாரணத்துக்கு 91 யுனிட் ஓடியிருந்தால், 65ஆல் வகுக்க 1.4 கிலோவாட். பூட்டிய கட்டடத்தில் ஒன்றரை அயன் பெட்டி வெள்ளி முதல் திங்கள் வரை சூடாக இருந்ததற்குச் சமம். இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, "கள்ளன் யார்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். கன்டீன் ஃபிரீசர், ஆய்வுகூடத்து ஃபிரிஜ், குளிர்நீர் இயந்திரம், அலுவலகத்தில் உறங்காத கணினிகள், வாசல் விளக்கு என்று பட்டியல் நீளும். சிலது நியாயமான செலவு, காவலாளிக்கு வெளிச்சம் வேண்டும். சிலது யாருமே நினைக்காமல் விட்டது.

எங்கள் கள்ளனைப் பிடித்தவன் கணக்கில் பின்தங்கிய ஒரு பையன். "மிஸ், பின்சுவர் மட்டும் எப்பவும் ஈரமா இருக்கு. பாசியும் பிடிச்சிருக்கு. மழை பெய்யாட்டியும் அப்பிடித்தான்" என்றான். போய்ப் பார்த்தோம். மேல்தாங்கி நிறைந்தால் பம்பை நிறுத்த வேண்டிய மிதவை சிக்கிக்கொண்டு கிடந்தது. பம்பு தன்பாட்டில் ஓட, தண்ணீர் வழிந்து சுவரால் இறங்கிக் கானுக்குப் போனது. ஒரு குதிரைவலுப் பம்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு யுனிட் எடுக்கும். அந்தத் தண்ணீரும் சும்மா வந்ததில்லை. அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குத் தள்ளும்போதே அதில் மின்சாரம் சேர்ந்துவிட்டது. மிதவையை மாற்றிய செலவு அந்த மாதத்துப் பில்லிலேயே திரும்பி வந்தது.

படி 5: ஆளில்லாத வகுப்பைப் பிடியுங்கள், ஆளிருக்கும் வகுப்பை விடுங்கள்

நாற்பது பிள்ளைகள் வியர்த்துக்கொண்டிருக்கும் அறையில் ஃபேனை நிறுத்தச் சொல்வது சேமிப்பல்ல, தண்டனை. ஒரு தடவை அப்படி ஒரு வகுப்பு "நாங்கதான் முதலாமிடம்" என்று வெயிலில் வெந்தது. காரணம் நான் வைத்த புள்ளிப் போட்டி. போட்டியை அன்றே நிறுத்தினேன். தேட வேண்டியது வெற்றறையை.

நேரசூசியை எடுத்து, ஒரு வகுப்பு எந்தெந்த நேரம் காலியாகிறது என்று குறியுங்கள்: காலைக் கூட்டம், இடைவேளை, உடற்கல்வி, ஆய்வுகூடம், நூலகம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் சுலபமாகத் தேறும். ஒரு ஃபேன் சுமார் 75 வாட், பழைய டியூப் லைட் சுமார் 40. இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் சேர்ந்து 310 வாட். ஒன்றரை மணி நேரத்துக்கு அரை யுனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வகுப்புக்கு அது ஒன்றுமில்லை. முப்பது வகுப்புக்கு நாளுக்கு 14 யுனிட், இருபது பாடசாலை நாளுக்கு 280. இந்தக் கணக்கை நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவர்களே செய்யட்டும்.

அடுத்தது சுவிச் பலகை. பாடப்புத்தகத்தில் ஆளி என்று படிக்கிறோம், ஆனால் எந்த ஆளி எதற்கு என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்தையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார்கள். நிறப் பொட்டு ஒட்டுங்கள். ஜன்னல் பக்கத்து லைட்டுக்குப் பச்சை, பலகைப் பக்கத்துக்கு மஞ்சள், ஃபேனுக்கு நீலம். வெயில் நாளில் பச்சை தேவையே இல்லை. ஜன்னல் கண்ணாடியையும் டியூப் லைட்டையும் தவணைக்கொரு முறை சிரமதானத்தில் துடைத்தால் வெளிச்சம் கூடுவது கண்ணுக்கே தெரியும். காலி வீதிப் (Galle Road) பக்கத்துப் பாடசாலைகளில் புகை படிந்து கண்ணாடி சாம்பல் நிறத்தில் இருக்கும். லைட்டைத் துடைக்க ஏறுவது பெரியவராக இருக்கட்டும், சுவிச்சும் நிறுத்தியிருக்கட்டும்.

பொறுப்பு ஒரு ஆளிடம் இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒருவர், கடைசியாக வெளியேறுபவர் அவர்தான் என்று வையுங்கள். ஆசிரியர் அறையையும் பட்டியலில் சேருங்கள். எங்கள் குழு எடுத்த குறிப்பில் அதிகத் தடவை வெறுமையாக எரிந்த அறை அதுதான். அதை அறிவித்தல் பலகையில் போடுவதா என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். போடச் சொன்னேன்.

பழைய டியூப் லைட் பழுதாகும்போது எல்.ஈ.டி. போடுவது, ஃபேன் மாற்றும்போது 30 வாட் அளவில் ஓடும் புதிய வகையை வாங்குவது எல்லாம் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்கக்கூடியவை. பிள்ளைகளின் கொப்பியைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

படி 6: மாலை 6.30 முதல் 10.30 வரை

பாடசாலையில் மிச்சம் பிடிப்பது பகல் கரண்ட். வீட்டில் மிச்சம் பிடிப்பது இரவுக் கரண்ட். இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உதவியாளர் பாணந்துறைக் குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அங்குள்ள உபமின் நிலையத்தில் குரங்கொன்றால் கோளாறு என்றார்கள். நாடே இருண்டது. நொரோச்சோலை இயந்திரங்கள் நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. ஞாயிறு பகலில் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். அந்த நிலையில் ஓர் அதிர்வு வந்தால் தாங்குவது கடினம். இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படியே வீட்டுக்காரரிடம் கேட்டார்கள்.

சூரியன் இறங்கியதும் கதை தலைகீழ். 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்க லைட், டிவி, ரைஸ் குக்கர், அயன் எல்லாம் ஒன்றாக ஏறும். மலையில் மழை இல்லாவிட்டால் விக்டோரியா, கொத்மலை, லக்சபான நீர்மின் நிலையங்கள் முழுமையாகக் கைகொடுக்கா. எண்ணெய் எரிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் எண்ணெய் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அதை இந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. மெழுகுதிரியில் வீட்டுப்பாடம் செய்த வயது.

ஆகவே வீட்டுக்கான வேலை, சுமையை அந்த நாலு மணி நேரத்திலிருந்து தள்ளிவைப்பது. வெள்ளைச் சீருடைதான் முதல் உதாரணம். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு சட்டைக்காக 1000 வாட் அயன் பெட்டியைச் சூடாக்குவதை விட்டு, ஞாயிறு பகல் ஐந்தையும் ஒன்றாக அயன் பண்ணட்டும். அதையும் அவர்களே செய்யட்டும். அம்மாவுக்கும் நிம்மதி.

இரண்டாவது, சாமியறைச் சிவப்பு பல்ப். பழைய சீரோ பல்ப் பெயரில்தான் சீரோ, 10 முதல் 15 வாட் வரை இழுக்கும். 15 வாட் இரவு பகலாக எரிந்தால் மாதத்துக்கு 10.8 யுனிட். அதே சிவப்பில் எல்.ஈ.டி. போட்டால் ஒரு யுனிட்டும் வராது. சாமிக்கும் குறையில்லை. இது ஏன் முக்கியம் என்றால், இப்போதைய வீட்டுக் கட்டண முறையில் மாதத்துக்கு 60 யுனிட் என்பது ஒரு வேலி. 61ஆவது யுனிட்டுக்குப் போனால், முதல் 60 யுனிட்டுக்கும் சேர்த்தே விலை ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். 65இல் நிற்கும் வீடு வேலிக்கு இந்தப் பக்கம், 60க்குள், திரும்பி வர அந்தப் பல்பை மாற்றுவது ஒன்றே போதும்.

எல்லாரும் சொல்லும் ஒன்றை நான் பட்டியலில் வைக்கவில்லை: வெறும் போன் சார்ஜரைப் பிளக்கில் விடாதே என்பது. புதிய சார்ஜர் ஒரு மாதம் சும்மா கிடந்து இழுப்பதை அயன் பெட்டி நாலைந்து நிமிடத்தில் இழுத்துவிடும். கழற்றினால் நல்லது. ஆனால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வீட்டு பில்லை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வெள்ளவத்தை மாடிவீட்டில் ஏசி அறையில் படுக்கும் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். யுனிட்டைச் சொன்னாலே வீட்டு நிலைமை தெரிந்துவிடும். போன மாதத்தைவிட எத்தனை வீதம் கூடியது, குறைந்தது என்று மட்டும் சொல்லட்டும். ஏற்கெனவே 40 யுனிட்டில் வாழும் வீட்டிடம் இன்னும் குறை என்று கேட்க எமக்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு எப்படி என்று சொல்லிக் கொடுக்கலாம். வீட்டில் அப்பம்மாவின் ஃபேனை நிறுத்தப் போகக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள். இது நடந்தது. எனக்கு போனில் நல்ல ஏச்சும் விழுந்தது.

படி 7: எண்ணைக் காட்டுங்கள்

வாரம் ஒருமுறை, காலைக் கூட்டத்தில் ஒரே நிமிடம். போன வாரம் ஒரு பாடசாலை நாளுக்கு இத்தனை யுனிட், இந்த வாரம் இத்தனை. மொத்த யுனிட்டைச் சொன்னால் போயா விடுமுறை வந்த வாரமெல்லாம் வெற்றி போலத் தெரியும். அதனால் நாளுக்கு எவ்வளவு என்றே சொல்லுங்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா மாதங்களில் கட்டாயம் ஏறும். ஏறியதையும் மறைக்காமல் வாசிக்க வேண்டும்.

பெரிய பரிசு வேண்டாம். சேமித்ததில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று பிள்ளைகளே முடிவெடுக்க அதிபர் சம்மதித்தால் அதுவே போதும். எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்பார்கள் என்று நினைத்தேன். பெண்கள் கழிப்பறைக்குக் கதவுக் கொளுக்கி கேட்டார்கள்.

படி 8: தவணை விடுமுறைக்கு முன்

ஆறு மாதத்தில் குழு சோர்ந்துவிடும், அது இயல்பு. ஒன்பதாம் தரப் பிள்ளை ஒவ்வொருவரும் ஏழாம் தரப் பிள்ளை ஒருவரைத் தன்னோடு மீட்டர் வாசிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கொப்பி கைமாறும்.

விடுமுறைக்குக் கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கன்டீன் ஃபிரீசரைக் காலியாக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஆய்வுகூட ஃபிரிஜ்ஜில் உள்ளதைப் பொறுப்பாசிரியரிடம் கேட்காமல் தொட வேண்டாம். குளிர்நீர் இயந்திரம், கணினிகள், அலுவலக அச்சுப்பொறி நிற்கட்டும். ஒழுகும் குழாய்களை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். பம்பின் மிதவையை ஒரு பெரியவர் கையால் தூக்கிப் பார்க்கட்டும். எல்லாம் முடிந்து வாசலுக்கு வரும்போது மீட்டரை வாசித்து, திகதியும் நேரமும் போட்டு, இரண்டு பிள்ளைகள் கையெழுத்திட வேண்டும். புதிய தவணை தொடங்கும் நாள் காலை 7 மணிக்கு அதே இரண்டு பேரும் அதே இடத்துக்கு வருவார்கள்.